கல்லில் குங்குமம் துடைத்தவர்

வெள்ளிக்கிழமை காலையில் சிவயோகம் அக்காவின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் நான் வணக்கம்கூடச் சொல்வதில்லை. “மழை இல்லக்கா” என்றோ, “மூடாப்பாத்தான் இருக்கு” என்றோ சொல்லித்தான் பேச்சைத் தொடங்குவேன். மறுநாள் காஹாங் சாலைக்குப் போவதா வேண்டாமா என்பதுதான் அவர் கேட்கப்போகும் ஒரே கேள்வி. தெப்ராவில் இருந்துகொண்டு, உலு திராமில் இருக்கும் என்னிடம் வெகுதூரத்துக் காஹாங்கின் மழையை விசாரிப்பதில் என்ன பயன் என்று நான் கிண்டல் செய்யாத வாரமில்லை. அன்றும் கடையில் ஒரு முடிதிருத்தகத்தின் பெயர்ப்பலகைக்கு எழுத்து ஒட்டிக்கொண்டிருந்தேன். கைப்பேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு “மழை இல்லக்கா” என்றேன்.  பதிலுக்கு அவருடைய தங்கையின் குரல் கேட்டது. “தம்பி, அக்கா விடியக்காலமை போயிட்டா. நித்திரையிலயே.”

அந்த நொடியில் கண் கலங்கியது என்று எழுத ஆசைதான். எனக்கு முதலில் வந்தது பயம். திங்கட்கிழமை அதிகாரி நினைவுக்கல்லைப் பார்க்க வருகிறார். இன்று வெள்ளிக்கிழமை, சாயங்காலம் லாரிக்காரர்கள் சூடம் கொளுத்துவார்கள். நாளை துடைக்க அக்கா இல்லை. தெப்ராவுக்குப் போகும் வழி முழுக்க, ஒவ்வொரு சமிக்ஞை விளக்கிலும் இதையேதான் நினைத்துக்கொண்டு நின்றேன். அக்காவைத் தெரிந்தவர்கள் என்னைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அவரிடம் கேட்டிருந்தாலும், தம் சாவைவிடத் திங்கட்கிழமையைப் பற்றித்தான் கவலைப்பட்டிருப்பார்.

எங்கள் குழுவில் இல்லாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். குளுவாங்கிலிருந்து மெர்சிங் போகும் சாலையில், காஹாங்கைத் தாண்டி ஒரு வளைவு வரும். இப்போது இரண்டு பக்கமும் எண்ணெய் எடுக்கும் செம்பனை. வெள்ளைக்காரன் காலத்தில் அது ரப்பர்த் தோட்டமும் காடும். கப்பலேறி வந்த நம் ஆட்கள் தோட்டத்தை விட்டு வெளியே கால் வைக்க முடியாது. வைத்தால் பிடித்துவந்து அடிப்பார்கள், சிறையில் போடுவார்கள். கொத்தடிமை என்ற சொல்லை இன்று மேடையில் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அவர்கள் அதை முதுகில் வாங்கினார்கள். ஓடத் துணிந்தவர்கள் தோட்டத்தின் பின்பக்கத்து ஓடையில் இறங்கி, காலடித் தடம் தெரியாதபடி தண்ணீரிலேயே நடந்து, இந்த வளைவில் கரையேறினார்கள். சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு மலாய்க் கம்பம், அதாவது கிராமம், இருந்தது. அங்கே சோறு போட்டு ஒளித்துவைத்தார்கள். சாலையைத் தாண்டியவர் பிழைத்தார். தாண்டும்முன் காவலாளிகள் வந்துவிட்டால் திரும்பவும் தோட்டம்தான்.

அந்த வளைவில் ஒரு நினைவுக்கல் வைக்க வேண்டும் என்று குளுவாங்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சிலர் கூடினோம். எழுத்து வெட்டித் தருவேன் என்பதற்காக என்னையும் சேர்த்திருந்தார்கள். ஒவ்வொருவரும் தங்கள் குடும்பக் கதையைச் சொன்னார்கள். செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிற மாரியப்பன், தன் தாத்தா அந்த வளைவில் ஏறித் தப்பியவர் என்று சொன்னபோது எல்லாரும் கை தட்டினோம். அடுத்து சிவயோகம் அக்காவின் முறை. நில அலுவலகத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். இந்த நாட்டில் பிறந்து வளர்ந்தவர்தான் என்றாலும் வாயில் யாழ்ப்பாணத் தமிழ் போகவில்லை. “என்ர தாத்தா அந்தத் தோட்டத்துக் கிராணி. விடியப் பெரட்டில பேர் கூப்பிடுறவர். ஆள் இல்லையெண்டால் மணி அடிக்கிறதும் அவர்தான்” என்றார். கிராணி என்றால் தோட்டத்து ஆபீஸ் எழுத்தர். பெரட்டு, விடியலில் ஆட்களை வரிசையில் நிறுத்திக் கணக்கெடுப்பது. மணி அடித்தால் காவலாளிகள் நேரே இந்த வளைவுக்குத்தான் ஓடிவருவார்கள்.  மாரியப்பன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

எனக்கு இந்த மாதிரி இறுக்கம் ஆகாது. சில கிராணிமார் இரக்கப்பட்டு மணியை வேண்டுமென்றே தாமதமாக அடித்ததாகக் கேள்விப்பட்டிருக்கிறேன், உங்கள் தாத்தாவும் அப்படி இருந்திருக்கலாம் என்று வாயில் வந்ததைச் சொல்லி வைத்தேன். அக்கா சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தார்.

“எல்லாக் கிராணி வீட்டிலயும் இந்தக் கதை இருக்கு, தம்பி. எங்கட வீட்டிலயும் இருக்கு. அப்பிடியெண்டால் பிடிபட்ட சனத்தை ஆர் பிடிச்சது?”

 அதன் பிறகுதான் அவர் தம் பங்குக்கு ஒரு கோரிக்கை வைத்தார். கல்லில் ‘தப்பிச் சென்றவர்கள் நினைவாக’ என்று எழுதுவதாக இருந்தோம். ‘பிடிபட்டவர்கள் நினைவாகவும்’ என்று ஒரு வரி சேர்க்க வேண்டும் என்றார். வெற்றிச் சின்னத்தில் தோல்வியை எதற்கு எழுத வேண்டும் என்று ஒருவர் முணுமுணுத்தார். பெயரில்லாமல் அந்த வளைவோடு நின்றுபோனவர்களுக்கு வேறு எங்கே இடம் கிடைக்கும் என்று அக்கா திருப்பிக் கேட்டார். கை கழுவிவிட்டு வந்து தூரத்தில் நின்றுகொண்டிருந்த மாரியப்பன்தான், அந்த வரி இருக்கட்டும் என்று முதலில் சொன்னவர். மூன்று மொழியிலும் அந்த வரியை வெட்டினேன்.

கல் விஷயத்தில்தான் நாங்கள் எல்லாரும் சேர்ந்து கோட்டை விட்டோம். கல்லைத் தரையோடு படுக்க வைக்க வேண்டும், கறுப்பு வேண்டவே வேண்டாம், மரத்தடி ஆகாது என்று அக்கா படித்துப் படித்துச் சொன்னார். நாங்கள் கேட்கவில்லை. படுக்க வைத்தால் கல்லறை மாதிரி இருக்கும் என்றார் ஒருவர். கறுப்பில்தான் எழுத்து எடுப்பாகத் தெரியும் என்றேன் நான். வெயிலில் யார் நின்று படிப்பார்கள், மரத்தடிதான் சரி என்றார்கள் மற்றவர்கள். ஆகமொத்தம் கறுப்புக் கல், நிமிர்ந்த கல், தலைப்பக்கம் வளைவாகச் செதுக்கிய கல், சாலை வளைவில், பெரிய மரத்தடியில். நம் ஆட்களுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? திறப்பு விழா நடந்த அடுத்த வெள்ளிக்கிழமையே கல்லின் நெற்றியில் பொட்டு, காலடியில் எலுமிச்சம்பழம், சூடம் எரிந்த கறை. அடுத்த வாரம் யாரோ மஞ்சள் துணியும் கட்டியிருந்தார்கள். மெர்சிங் பக்கம் போகிற லாரிகள் அங்கே வேகம் குறைத்து, ஹார்ன் அடித்து, ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போயின. தப்பி ஓடியவர்கள் அனைவரும் சேர்ந்து ஒரு முனியாண்டி ஆகிவிட்டார்கள்.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அக்காவுக்கு முகம் வெளுத்துவிட்டது. சாலையோரத்து அரசாங்க நிலத்தில் கல் வைக்க அனுமதி வாங்கித் தந்தவர் அவர். ‘வழிபாட்டுக்குப் பயன்படுத்தக் கூடாது’ என்ற நிபந்தனை அதில் இருந்தது. நினைவுக்கல் என்றால் நிற்கும். அனுமதியில்லாத கோயில் என்று ஆகிவிட்டால் ஒருநாள் இடிக்கும் இயந்திரம் வரும். அது எப்படி வரும் என்பது அவருக்குத் தெரியும். வேலையில் இருந்த காலத்தில் ஒரு தோட்டத்து ஓரத்தில் மரத்தடிச் சாமி ஒன்றை அகற்றும்போது அவர் அதிகாரியாக நின்றிருக்கிறார். பூசை செய்துவந்த மனிதர் சண்டை போடவில்லையாம், திட்டவில்லையாம். எரிந்துகொண்டிருந்த விளக்கை எடுத்து இவர் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டாராம். “எங்க வைக்கிறதெண்டு தெரியேல்லை, தம்பி. மெஷின் முடிக்குமட்டும் கையில பிடிச்சுக் கொண்டு நிண்டன். நல்லாச் சுட்டுது” என்று உள்ளங்கையைப் பார்த்தபடி என்னிடம் சொன்னார். 

அதிலிருந்து சனிக்கிழமைதோறும் அக்காவின் பழைய காஞ்சில் கார் என் கடை வாசலில் வந்து நிற்கும். என் கடைக் கதவைப் பூட்டியாயிற்றா என்று இறங்கிப் பார்ப்பார், ஏறுவார், மறுபடி இறங்கிப் பார்ப்பார். இரண்டு குடை இருக்கும், ஒன்று உடைந்தால் இன்னொன்று வேண்டுமாம். பின்னால் ஒரு வாளி, தேங்காய் எண்ணெய், பாத்திரம் கழுவும் சோப்பு, துவைத்து மடித்த பழைய துணிகள். கல்லுக்கு முன்னால் போனதும் செருப்பைக் கழற்றிவிட்டு, “குறை நினைக்காதேங்கோ” என்று மெதுவாகச் சொல்வார். அது சாமியிடமா, ஓடியவர்களிடமா என்று நான் கேட்டதில்லை. எண்ணெய் தொட்டு முதலில் எழுத்துக் குழிகளில் இருக்கும் குங்குமத்தை எடுப்பார், பிறகுதான் சோப்பு. துடைத்த தண்ணீரை யார் காலும் படாத ஓடைப் பக்கம் கொண்டுபோய் ஊற்றுவார். பூவையும் பழத்தையும் குப்பையில் போட விடமாட்டார். குளுவாங் கோயிலில் சேர்த்துவிட்டுத்தான் வீட்டுக்குத் திரும்புவார். நெற்றி நிறையத் திருநீறு பூசிய ஒரு பெண் கல்லிலிருந்து குங்குமத்தைத் துடைப்பதைப் போகிற வருகிறவர்கள் காரை நிறுத்திப் பார்ப்பார்கள். ஒருமுறை களைத்துப்போய், ஒரு பொட்டுத்தானே, விட்டுவிடலாமே என்றேன். “ஒரு பொட்டுத்தானே எண்டுதான் எல்லாக் கோயிலும் தொடங்கினது” என்றார், துடைப்பதை நிறுத்தாமல்.

இது மாரியப்பனுக்குப் பொறுக்கவில்லை. வாராவாரம் பொட்டு வைத்துவந்தவர்களில் முதல் ஆள் அவர்தான். ஒரு சனிக்கிழமை, குலை ஏற்றிய லாரியை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு இவ்வளவு பயமாக இருந்திருக்காது.

“நீங்க என் சாமிய தொடைக்கிறீங்கக்கா. இது எங்க தாத்தா ஏறி வந்த எடம். ஒங்க தாத்தா மணி அடிச்சி எங்க தாத்தாவ வெரட்டுனாரு. இப்ப நீங்க வந்து தொடைக்கிறீங்க.”

நான் இடையில் புகுந்து ஏதோ சொல்லப் பார்த்தேன். அக்கா என்னைக் கையமர்த்தினார்.  “ஓம். அடிச்சவர்தான்” என்றார். “அதுக்காகத்தான் சொல்லுறன், தம்பி. உங்கட தாத்தாவை இந்த இடத்தில இருந்து இன்னொருக்கால் ஆரும் இழுத்துக் கொண்டு போகக் கூடாது. இந்தக் கல்லு இங்க நிக்க வேணும்.” மாரியப்பன் லாரியில் ஏறிப் போய்விட்டார். அடுத்த வெள்ளிக்கிழமையும் பொட்டு இருந்தது. அடுத்த சனிக்கிழமையும் அக்கா துடைத்தார். இப்படியே இருவரும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்காமல் வருடக்கணக்கில் ஓட்டினார்கள். ஆனால் அந்தச் சண்டைக்குப் பிறகு மஞ்சள் துணி கட்டுவது நின்றுபோயிற்று. சூடத்தைக் கல்மேல் கொளுத்தாமல் ஒரு தகரத் தட்டில் கொளுத்தத் தொடங்கினார்கள். வாயால் சமாதானம் பேசாவிட்டாலும் இது சமாதானம்தான் என்று நான் எடுத்துக்கொண்டேன். அக்கா எடுத்துக்கொள்ளவில்லை.

போன மாதம் அவர் பயந்தது நடந்தது. வளைவை அகலப்படுத்தப் போகிறார்கள் என்றும், அங்கே அனுமதியில்லாத கோயில் இருப்பதாக யாரோ புகார் செய்திருப்பதாகவும் அவருடைய பழைய அலுவலகத் தோழி ஒருவர் சொன்னார். அதிகாரி நேரில் பார்ப்பாராம். நினைவுக்கல்தான் என்று அவருக்குத் தோன்றினால் பின்னால் தள்ளி நட்டுத் தருவார்கள். கோயில் என்று எழுதிவிட்டால் எடுத்துவிடுவார்கள். அந்த நாளிலிருந்து அக்காவுக்குத் தூக்கம் போயிற்று. சனிக்கிழமை போதாது என்று புதன்கிழமையும் போகத் தொடங்கினார். வெயிலில் இவ்வளவு தூரம் ஓட்ட வேண்டாம், நெஞ்சு படபடப்புக்கு மருத்துவரைப் பாருங்கள் என்று கெஞ்சினேன். திங்கட்கிழமை முடியட்டும், பார்க்கலாம் என்றார். அந்தப் பதிலை நினைத்தால் எனக்கு இப்போதும் அவர்மேல் கோபம் வருகிறது. கல் முக்கியம்தான், அதற்காக உயிரைவிட முக்கியமா? இதை அவரிடம் சத்தம் போட்டுக் கேட்டிருக்க வேண்டும்.

சனிக்கிழமை தகனம் முடிந்து எல்லாரும் கிளம்பும்போது, அக்காவின் தங்கை என்னைக் கார் நிறுத்துமிடத்துக்குக் கூட்டிப்போனார். காஞ்சிலின் பின்கதவைத் திறந்து வாளியை எடுத்துக் கொடுத்தார். துணிகள் மடித்தபடி இருந்தன. எண்ணெய் போத்தல் புதிதாக நிரப்பியிருந்தது. வியாழக்கிழமை இரவே எல்லாம் எடுத்துவைத்துவிட்டுத்தான் படுத்தாராம். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது, பழைய துணிகளைப் பார்த்து.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தனியாகக் காஹாங்குக்கு ஓட்டினேன். கோத்தா திங்கியைத் தாண்டும் வரை மழை. ஒரு வெள்ளிக்கிழமைப் பொட்டுத்தானே இருக்கும், அரை மணியில் துடைத்துவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன். வளைவு திரும்பியதும் காலை பிரேக்கில் வைத்தேன். கல்லைச் சுற்றி லாரிகள் நின்ற தடம். கல் கழுத்து மறைய மாலைகள். நெற்றியில் ஒரு பொட்டோடு நிற்கவில்லை, கல் முழுக்கக் குங்குமம். தேங்காய் உடைத்திருந்தார்கள். ஊதுவத்தி ஒரு கட்டாகப் புகைந்துகொண்டிருந்தது. கல்லின் மேல் சாய்த்து, பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு படம். திறப்பு விழாவில் குடையோடு நின்ற சிவயோகம் அக்கா. அவர் நெற்றியிலும் குங்குமம்.

செய்தி கேட்டதும் அந்தச் சாலையில் ஓடும் ஓட்டுநர்கள் அத்தனை பேரும் வந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். துடைக்காதே என்று சண்டை போட்டவர்கள்தான். மரத்தின் மறுபக்கம் மாரியப்பன் உட்கார்ந்திருந்தார். கண் சிவந்திருந்தது. என்னையும் என் கையிலிருந்த வாளியையும் பார்த்தார். “இது அக்காவுக்கு வெச்சதுண்ணே” என்றார். தெரிகிறது என்றேன். நாளை அதிகாரி வருகிறார் என்றும் சொன்னேன். அது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அக்கா அவரிடம் சொல்லவேயில்லை. மாரியப்பனிடம் காரணம் சொல்லிக் கெஞ்சியதாக ஆகிவிடக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ.

 மாரியப்பன் எதிர்த்தால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. செத்தவருக்கு வைத்த பூவை எடு என்று எந்த வாயால் சொல்வது? பிறகு அவரே எழுந்து, செருப்பைக் கழற்றினார். படத்தை எடுத்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். மாலைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி லாரியின் முன் இருக்கையில் அடுக்கினார். நான் எண்ணெய் தொட்டுத் துடைக்கத் தொடங்கினேன். குங்குமம் இரவு மழையில் ஊறி எழுத்துக் குழிகளுக்குள் இறங்கியிருந்தது. மூன்று மொழியும் நான் வெட்டிய எழுத்துகள். இவ்வளவு ஆழமாக ஏன் வெட்டினேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன். எல்லாம் முடிந்த பிறகு, ‘பிடிபட்டவர்கள்’ என்ற சொல்லுக்கு மேலே ஒரே ஒரு பொட்டு மிச்சம் இருந்தது. துணியைப் பிழிந்து வாளியில் போட்டேன். அது இருந்துவிட்டுப் போகட்டும் என்று தோன்றியது. அக்காவுக்காக ஒன்று. எந்த அதிகாரியின் கண்ணுக்கும் தெரியாது.

பின்னால் நின்ற மாரியப்பன் சொன்னார்: “அதயும் தொடச்சிடுங்கண்ணே. இல்லன்னா அக்காவுக்குத் தூக்கம் வராது.”

துடைத்தேன். தண்ணீரை ஓடைப் பக்கம் அவர் கொண்டுபோய் ஊற்றினார். பூக்கள் அவருடைய லாரியில் குளுவாங் கோயிலுக்குப் போயின.

திங்கட்கிழமை அதிகாரி வந்தார். இளைஞர், மலாய்க்காரர், மரியாதையாகப் பேசினார். மூன்று மொழியில் தமக்குத் தெரிந்த இரண்டையும் நின்று படித்தார். கல்லைத் தொட்டு, விரலைத் திருப்பிப் பார்த்தார்.  விரலில் ஒன்றும் இல்லை. இந்தக் கல்லைப் பார்த்துக்கொள்வது யார் என்று கேட்டார். வழக்கமாக இந்தக் கேள்விக்கு நான் அக்காவின் பக்கம் கையைக் காட்டுவேன். பழக்கத்தில் கை எழுந்துவிட்டது, அந்தப் பக்கம் யாரும் இல்லை. “சாயா” என்றேன் மலாயில். நான்தான். இப்போதைக்கு நினைவுக்கல் என்றே எழுதிக்கொள்வதாகவும், வேலை தொடங்கும் வரை சொல்லாமல் கொள்ளாமல் மறுபடியும் வந்து பார்ப்பதாகவும் சொல்லிவிட்டுப் போனார்.

அக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த வாளியும் அவருடைய பயமும்தான். மற்ற நல்ல குணங்களை அவரை நன்றாக அறிந்த நீங்கள் பங்கிட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பயத்தை நான் வைத்துக்கொள்கிறேன், அது இல்லாவிட்டால் கல் நிற்காது. கடைக் கதவைப் பூட்டிவிட்டு இப்போது நானும் திரும்ப வந்து பார்க்கிறேன். வெள்ளிக்கிழமை காலையில் என் கைப்பேசி ஒலிப்பதில்லை. நானே மாரியப்பனை அழைக்கிறேன். அவர் வணக்கம் சொல்வதில்லை.

“மழை இல்லண்ணே” என்கிறார்.